பித்தளை இல்லாத மூன்றாம் தலைமுறை

திண்டிவனம்
26.7.1987

அண்ணனுக்கு,

எப்போதும் 'அன்புள்ள' என்று தொடங்குவேன். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை.

நேற்று சாயங்காலம் ஹாஸ்டல் சிஸ்டர் எங்களை நோட்டு வாங்கக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார்கள். பஸ் நிலையத்து வாசலில் நம் பேண்டு செட்டில் சைடு டிரம் அடிக்கும் கண்ணையன் மாமா நின்றுகொண்டிருந்தார். டிரம்முக்குத் தோல் வாங்க வந்தாராம். நான் ஓடிப்போய் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இன்னா மேரி, நீ எழுதின கட்டுரதான் உங்கப்பாவ ஊட்ல குந்த வெச்சிட்சே" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆடி மாதம் கல்யாணம் இல்லை என்று செட்டு ஆட்களை எல்லாம் உட்காரவைத்து என் கட்டுரையை நீ படித்துக் காட்டினாயாம். 'மூன்றாம் தலைமுறையினர் பித்தளை வாத்தியங்களைக் கைவிட்டனர்' என்ற இடம் வந்ததும் தாளை மடித்துவிட்டு, "கேட்டீங்களா, இனிமே நம்ம செட்லயும் டிரம்பட்டு கெடையாது, கிடாரு கீபோர்டுதான், அப்பா ரெஸ்ட்டு எடுக்கட்டும்" என்றாயாம். பேஸ் டிரம்மில் இருந்த 'மாசிலாமணி பேண்டு செட்' என்ற எழுத்தைச் சுரண்டிவிட்டு உன் பெயரை எழுதிவிட்டாயாம். அப்பா மூலையில் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அண்ணா, அந்தக் கட்டுரை தென்னார்க்காடு மாவட்டக் கட்டுரைப் போட்டிக்கு நான் எழுதியது. பாரிஸிலிருந்து சின்னதுரை சித்தப்பா அனுப்பிய கேசட்டுகளோடு வந்த பத்திரிகைத் தாள்களை, பிரெஞ்சு தெரிந்த சிஸ்டரிடம் போய்ப் போய் நின்று, வரிவரியாகச் சொல்லச் சொல்லி எழுதினேன். அந்தக் கேசட்டில் வரும் கிடார் உனக்குப் பிடிக்கும் என்பதால் உனக்கு ஒரு நகல் அனுப்பினேன். அப்பாவை வீட்டுக்கு அனுப்புவதற்காக அனுப்பவில்லை.

நீ பாதியில் மடித்துவிட்டதால் மறுபடி எழுதுகிறேன். ஆப்பிரிக்காவில் ஜயீர் நாட்டில் பாட்டுக்காரர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துப் பேசுகிறார்கள். முதல் தலைமுறை, நாற்பதுகளில் கிடாரும் குரலுமாகப் பாடியவர்கள். அதில் வெண்டோ என்பவர் ஆற்றுப் படகில் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டாம் தலைமுறை, ஐம்பதுகளில் பெரிய பெரிய குழுக்கள் வைத்தவர்கள். கபசெலே ஒரு குழு, பிராங்கோ ஒரு குழு. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் அவர்கள் மேடையில் வரிசையாக நின்றன. மூன்றாம் தலைமுறை, அறுபத்தொன்பதில் ஜைக்கோ என்ற குழுவை ஆரம்பித்த இளவட்டங்கள். அவர்கள் பித்தளையை வைத்துக்கொள்ளவில்லை. உண்மைதான். ஆனால் அவர்கள் தனியாக ஒரு குழு தொடங்கினார்கள். பிராங்கோவின் குழுவுக்குள் புகுந்து, ஊதுகிறவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. பிராங்கோ இன்றைக்கும் பாடுகிறார். அவர் பின்னால் இன்றைக்கும் டிரம்பெட் நிற்கிறது. ஒரு தலைமுறை வந்தால் முந்தியது வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நான் எங்கே எழுதியிருக்கிறேன்?

ஆவணியில் முதல் கல்யாணத்துக்கு அப்பா டிரம்பெட்டோடு முன்னால் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்குக் கடிதம் எழுதாதே.

மேரி


விழுப்புரம்
1.8.1987

தங்கச்சி லூர்துமேரிக்கு அண்ணன் தேவசகாயம் எழுதுறது.

எழுதாதேன்னு சொன்னதால எழுதறேன். உங் கடுதாசி வந்துது. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டல. காட்டினா 'இந்தப் புள்ளைய எதுக்குப் படிக்க வெச்சோம்'னு ஆரம்பிச்சிடும்.

கண்ணையன் மாமா டிரம்மு அடிக்கிறதுல கெட்டிக்காரரு. அதவிடச் சங்கதி அடிக்கிறதுல கெட்டிக்காரரு. இருந்தாலும் அவர் சொன்னதுல பொய் இல்ல. படிச்சுக் காட்டினேன். பேரையும் மாத்தினேன்.

நீ சொல்ற மாதிரி நான் பாதியில மடிக்கல. உன் கட்டுரையிலயே நாலாம் பக்கத்துல இருக்குது பாரு. அறுபத்து மூணுல கபசெலே குழுவுல இருந்த பெரிய ஆளுங்கல்லாம் அவர விட்டுட்டுப் போயி வேற குழு வெச்சாங்கன்னு நீதானே எழுதியிருக்கே. அவரு ஒத்தையா நின்னாரே, அப்ப யாராவது 'அண்ணனுக்கு அன்புள்ள போட மாட்டேன்'னு கடுதாசி எழுதினாங்களா?

காலம் மாறிக்கினு வருது மேரி. பார்ட்டிங்க வந்து "கீபோர்டு இருக்குதா"ன்னுதான் மொதல்ல கேக்கறாங்க. டயர் வண்டியில ஆம்ப்ளிபயர வெச்சுத் தள்ளிக்கினு போனா கிடாரு தெருவுலயும் வாசிக்கலாம். பன்னண்டு வயசுல இருந்து பேஸ் டிரம்ம வயித்துல கட்டிக்கினு அப்பா முதுகப் பாத்தே நடந்தவன் நானு. வெயில்லயும் அந்தச் செவப்புக் கோட்டு. அவரு ஊதினா எல்லாரும் கை தட்டுவாங்க. நான் அடிச்சா மாட்டு வண்டிக்காரன் மாடு மெரளுதுன்னு திட்டுவான். எனக்கும் ஒரு காலம் வர வேணாமா?

அப்பா இதப் பத்தி ஒண்ணும் சொல்லல. அவருக்கே இல்லாத கோவம் ஒனக்கு எதுக்கு. போட்டியில பரிசு வாங்கப் பாரு. பேஜாரு பண்ணாதே.

தேவசகாயம்


திண்டிவனம்
6.8.1987

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ஒரே இடத்தில்தான் வயிறு எரிந்தது. 'அப்பா ஒண்ணும் சொல்லல.'

அப்பா எப்போது சொல்லியிருக்கிறார்? மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியதம்பிப் பிள்ளை வீட்டுக் கல்யாணத்தில் செட்டு ஆட்களை மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்களே, அன்றைக்கு ஏதாவது சொன்னாரா? டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். அதன் பிறகு அந்த வீட்டு அட்வான்ஸை வாங்கவே இல்லை. அவருக்குப் பேசும் வாய் அந்த டிரம்பெட்தான். அதைத்தான் நீ பிடுங்கிக்கொண்டிருக்கிறாய்.

கபசெலேவைப் பற்றிச் சொன்னாய். சரி, அதையே பார்ப்போம். அவரை விட்டுப் போனவர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டு போனார்கள். குழுவின் பெயர் கபசெலேவிடமே இருந்தது. அவர் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் மறுபடி பாடினார். உனக்குக் கிடார் வேண்டுமென்றால் நீயும் போ. தேவசகாயம் இசைக்குழு என்று ஜங்ஷன் பக்கத்தில் போர்டு மாட்டிக்கொள். நான் வந்து கை தட்டுகிறேன். அப்பா பெயரைச் சுரண்டிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு 'மூன்றாம் தலைமுறை' என்று சொல்லாதே. ஜயீர்க்காரர்களுக்கு அவமானம்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பத்திரிகைத் தாளில் இருக்கிறதெல்லாம் எனக்குச் சம்மதம் என்று நினைக்காதே. அவர்கள் யாரை எந்தத் தலைமுறையில் வைக்கிறார்கள் என்று பார்த்தால், குழு வைத்தவர் பெயர்தான் இருக்கிறது. பின்னால் நின்று ஊதியவர்கள் பெயர் ஒரு தாளிலும் இல்லை. சிஸ்டரிடம் கேட்டதற்கு, "எல்லார் பெயரும் எழுதினால் தாள் போதாதும்மா" என்றார்கள். தாள் போதாதென்றால் வாங்க வேண்டியதுதானே. ஊதியவரை விட்டுவிட்டு இசையை எப்படிக் கணக்கெடுப்பது? நீ அவர்களைவிட ஒரு படி மேலே போய்விட்டாய். குழு வைத்தவர் பெயரையே எடுத்துவிட்டாய்.

அதனால் நேரே அப்பாவுக்கே எழுதிவிட்டேன். ஆவணி முதல் கல்யாணம் இங்கே திண்டிவனத்தில் கோதண்டபாணி ரெட்டியார் வீட்டில் என்று கண்ணையன் மாமா சொன்னார். மாப்பிள்ளை அழைப்பு எங்கள் ஹாஸ்டல் தெரு வழியாகத்தான் போகும். தெருமுனையில் செட்டு நின்று, மாஸ்டர் மட்டும் தனியாக ஒரு பாட்டு ஊதி முடித்த பிறகுதான் மாப்பிள்ளை கார் திரும்பும். அந்த வழக்கம் அப்பாவால்தான் இந்தப் பக்கம் வந்தது. அதைக் கிடாரில் செய்ய முடியாது. 'அப்பா, நீங்கள்தான் ஊத வேண்டும். நானும் என் வகுப்புப் பெண்களும் ஹாஸ்டல் கேட்டில் நிற்போம்' என்று எழுதியிருக்கிறேன்.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

மேரி


விழுப்புரம்
10.8.1987

மேரி,

இது கார்டு. எல்லாரும் படிப்பாங்க. அதனால சுருக்கமா எழுதறேன். ஜல்தியா இன்னொரு கடுதாசி அப்பாவுக்குப் போடு. கேட்டுல நிக்க சிஸ்டர் விடமாட்டேன்னுட்டாங்க, நீங்க வர வேணாம்னு எழுது. காரணம் கேக்காதே. என்னத் திட்டணும்னா இன்னும் நல்லாத் திட்டு, வாங்கிக்கறேன். இது மட்டும் செய். அம்மா மேல ஆணையாக் கேக்கறேன்.

தேவசகாயம்


திண்டிவனம்
24.8.1987

அண்ணா,

நீ கார்டில் எழுதியதை நான் செய்யவில்லை. அப்பா என் பக்கம் வந்துவிட்டார், நீ பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். கார்டைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு வெற்றி பெற்றவளைப் போலத் திரிந்தேன்.

நேற்று விளக்கு வைக்கிற நேரம். கேட்டில் பதினோராம் வகுப்புப் பெண்கள் எல்லாரும் நின்றோம். சிஸ்டரும் வந்து நின்றார்கள். செட்டு வரும்போதே "அதோ, சிவப்புக் கோட்டில் முதலில் வருகிறவர்தான் எங்கள் அப்பா" என்று காட்டினேன். நீ பின்னால் டயர் வண்டிப் பக்கத்தில் கிடாரோடு வந்தாய். என்னைப் பார்த்தாய். தலையைத் திருப்பிக்கொண்டாய்.

முனையில் செட்டு நின்றது. அப்பா டிரம்பெட்டை எடுத்தார். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. வாயைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கன்னம் உப்பியது. ஒரு பீப்பி மாதிரி ஏதோ வந்து நின்றுவிட்டது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பித்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார், கருவியில்தான் கோளாறு என்பதைப் போல. கோளாறு கருவியில் இல்லை என்று எனக்குக்கூடத் தெரிந்தது.

கார் பக்கத்தில் மாப்பிள்ளையின் மாமன் ஒருவர், பட்டு வேட்டி, "இன்னா மாஸ்டர், மத்தியானம் சோறு பத்தலியா" என்றார். இன்னொருவர், "ஊத வரலன்னா அடுப்ப ஊதச் சொல்லுங்கடா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். காரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை மாலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எங்கள் கேட்டிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும்.

பத்து வருஷமாக இந்தத் தெருக்களில் யார் வீட்டு மாப்பிள்ளை வந்தாலும் அப்பாதான் ஊதி அழைத்து வந்தார். ஒருவர்கூட "இருங்கப்பா, மனுஷனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேளுங்கள்" என்று சொல்லவில்லை. அவர்கள் கேட்ட பாட்டையெல்லாம் திரும்பக் கொடுக்கச் சொல்ல முடிந்தால் நான் வீடு வீடாகப் போய்க் கேட்பேன்.

கண்ணையன் மாமா சைடு டிரம்மைப் படபடவென்று அடித்து எல்லாவற்றையும் மூடினார். நீ வண்டியை முன்னால் தள்ளச் சொல்லி வாசித்தாய். கார் திரும்பியது. அப்பா கேட்டைத் தாண்டும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

உனக்கு ஏதோ தெரியும். முன்னாலேயே தெரியும். 'காரணம் கேக்காதே' என்று ஒரு கார்டில் எழுதினால் போதுமா? நான் பாப்பாவா? ஏன் என்னிடம் சொல்லவில்லை? எல்லாவற்றையும் எழுது. கார்டில் எழுதாதே.

மேரி


விழுப்புரம்
29.8.1987

மேரிக்கு,

கேட்டே. சொல்றேன். அப்பாகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்தத ஒடைச்சிட்டுச் சொல்றேன்.

நீ ஹாஸ்டல் போன பெறகு, ஆனி மாசத்துல, பாண்டியில இருந்து வரும்போது பஸ்ஸு திடீர்னு பிரேக் போட்டுச்சு. முன் சீட்டுக் கம்பியில அப்பாவுக்கு வாய் இடிச்சு, மேல முன்பல்லு ரெண்டு ஒடைஞ்சுது. பக்கத்துல ரெண்டு ஆடுதுன்னு டாக்டர் அதையும் புடுங்கிட்டாரு. கட்டுப்பல்லு வெச்சாங்க. பேசலாம், சிரிக்கலாம். ஊத முடியாது. ஒதட்ட இறுக்கிக் காத்த விட்டா பல்லு நழுவுது. கழட்டிட்டு ஊதினா காத்து தப்பிச்சுப் போவுது. அம்மா கேப்பக் கூழாக் கரைச்சுக் குடுக்குது. மல்லாட்ட வறுக்கறதையே விட்டுடுச்சு, கடல வாசன வந்தா அவருக்கு மொகம் மாறுதுன்னு.

செட்டு ஆளுங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒரே வாரத்துல ஊர் பூரா 'பொக்கவாய் செட்டு'ன்னு பேரு வெச்சிடுவானுங்க, பெறகு எவன் அட்வான்ஸ் குடுப்பான்னு அப்பா சொன்னாரு. "மேரிக்குச் சொல்லவே கூடாது. அது ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் எங்கப்பா டிரம்பட்டு மாஸ்டர்னு சொல்லிக்கினு திரியுது"ன்னாரு.

அந்த நேரத்துலதான் உங் கட்டுரை வந்துது. ஒரு நாள் ஒக்காந்து யோசன பண்ணாரு. "தேவா, இதான் வழி. புது பேஷன் வந்துட்ச்சி, பித்தள வேணாம்னு பையன் சொல்றான்னு இருக்கட்டும். நான் ஊத முடியாம ஒக்காரல, நீ ஒக்கார வெச்சேன்னு இருக்கட்டும்"னாரு. படிக்கச் சொன்னதே அவருதான். மூலையில ஒக்காந்திருந்தாருன்னு மாமா சொன்னாரே, உங் கட்டுரையக் கேக்கத்தான் ஒக்காந்திருந்தாரு. பேர மாத்தச் சொன்னதும் அவருதான். "ஊதாதவன் பேரு டிரம்முல எதுக்கு." நான் சுரண்டல மேரி. அவரே பிளேடால சுரண்டினாரு. நான் வெளிய போய் நின்னுக்கினேன்.

கெட்ட பேரு எனக்குன்னு ஒத்துக்கினேன். ஊர் திட்டும், மாமா திட்டுவாரு, பரவால்ல. நீ திட்டுவேன்னு நெனைக்கல. 'வயிறு எரியுது'ன்னு எழுதினியே, எனக்கும் ஒரு வயிறு இருக்குது. இத்தினி வருஷம் கூட வளந்தவன், அப்பனத் தொரத்துவானான்னு ஒரு தடவ கேட்டியா? கண்ணையன் மாமா சொன்னா போதும், ஜயீர்ல எவனோ எழுதினா போதும். அண்ணன் சொல்லு எடுபடாது.

உங் கடுதாசி வந்த பெறகு அவரு கோயில் பின்னால போய் தெனம் ஊதிப் பாத்தாரு. ஒரு நாள் ரெண்டு அடி பாட்டு வந்துச்சாம். "வந்துடும்டா, புள்ள கேட்டுல நிக்கும்"னு கெளம்பிட்டாரு. நான் எவ்வளவோ தடுத்தேன்.

இப்ப வெளியவே வர்றதில்ல. கோட்டக்குப்பத்துல ஒருத்தருக்கு டிரம்பட்ட வித்துடச் சொல்றாரு. நான் இன்னும் விக்கல. இன்னா செய்யணும்னு நீதான் சொல்லு. நீதான் எல்லாத்தையும் படிச்சவளாச்சே.

தேவசகாயம்


திண்டிவனம்
2.9.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

'அன்புள்ள' போட்டுவிட்டேன். அதனால் என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. கோபத்துக்கு ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

உன்னை அப்படி நினைத்தது தப்பு. நானே அப்பாவை அந்த முனையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தப்பைச் செய்வதற்கு வேண்டிய இருட்டை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குக் கொடுத்தீர்கள். பல் போனால் சொல்ல வேண்டியதுதானே. ஜயீர் நாட்டில் யார் எந்த வருஷம் குழு மாற்றினார் என்று தெரிந்த பெண்ணுக்குத் தன் அப்பாவுக்குப் பல் இல்லை என்பது தெரியாது. இதைவிட ஒரு படிப்புக்கு என்ன அவமானம் வேண்டும்?

அந்தக் கட்டுரையின் மேலும் கோபமாக இருக்கிறது. இன்னார் இந்த வருஷம் தொடங்கினார், இன்னாரிடமிருந்து பிரிந்தார் என்று எல்லாம் இருக்கிறது. வாயில் அடிபட்டவர் என்ன ஆனார், விரல் மடங்காமல் போனவர் வீட்டில் என்ன செய்தார் என்று ஒரு வரி இல்லை. புதியவர்கள் வந்ததால்தான் பழையவர்கள் நின்றார்கள் என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறோம். சிலருக்குப் பஸ் பிரேக் போட்டிருக்கும். யாருக்குத் தெரியும்.

கேட்டில் சிரித்த இரண்டு பேரோடும் நான் பேசுவதில்லை. அதில் ஒருத்தி மன்னிப்புக் கேட்டாள். "எங்கப்பாவிடம் கேள், விழுப்புரத்துக்கு எழுது" என்று விலாசம் கொடுத்தேன்.

டிரம்பெட்டை விற்காதே. கோட்டக்குப்பத்துக்காரர் வந்தால் நான் வந்து பேசிக்கொள்கிறேன். அப்பாவுக்கு ஒரு தாள் தனியாக வைத்திருக்கிறேன். விழுப்புரத்து செட்டுகளுக்கும் தலைமுறை எழுதிப் பார்த்தேன். முதல் தலைமுறை: மாசிலாமணி. இரண்டாம் தலைமுறை: தேவசகாயம், கண்ணையன். இதையும் போட்டிக்கு அனுப்பப் போகிறேன். ஊதியவர், அடித்தவர், வண்டி தள்ளியவர் எல்லார் பெயரும் வரும். சரியாக இருக்கிறதா என்று அப்பாவைப் பார்க்கச் சொல். பதில் சொல்லாமல் இருந்தால் அப்படியே அனுப்பிவிடுவேன் என்றும் சொல்.

மேரி


விழுப்புரம்
11.9.1987

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பின தாளு வீட்டையே ரெண்டாக்கிடுச்சு.

அப்பா படிச்சாரு. மறுபடி படிச்சாரு. கண்ணாடியக் கழட்டிட்டு, "யாருடா மொதல் தலமொற?"ன்னாரு. நாலு நாளைக்கப்புறம் வாயத் தெறந்து பேசின மொத வார்த்த அதுதான். "எனக்கு முன்னாடி சர்ச்சு பேண்டுல விருத்தாசலம் மாஸ்டர் இருந்தாரு. அவருக்கு முன்னாடி வெள்ளக்காரன் ரயில்வே பேண்டுல ஊதினவங்க இருந்தாங்க. அவங்கள்லாம் எங்கடா போனாங்க? இதப் போயிப் போட்டிக்கு அனுப்புதா இந்தப் பொண்ணு? என் பேரச் சொல்லி ஊர்ப் பொய்ய எழுதுதா?" அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்துட்டு, எங்கிட்ட "கோவமாடா இருக்காரு?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். அம்மா மொகத்துல வந்த சிரிப்பப் பாக்கணுமே நீ.

அதோட வுடல. அந்தக் கேசட்டப் போடச் சொன்னாரு. சாயங்காலம் வரைக்கும் திருப்பித் திருப்பிக் கேட்டாரு. நான் கிடாரத்தான் கேக்கறாருன்னு நெனைச்சேன். "டேய், இது யாரு? இந்த சைடு டிரம்மு அடிக்கிறவன். இவன்தானேடா எல்லாரையும் இழுத்துக்கினு ஓடறான். நீ கிடாரக் கட்டிக்கினு அழுதுக்கினு இருந்திருக்கியே, காது இல்லியா?"ன்னாரு. பெறகு கண்ணையன் மாமாவ வரச்சொல்லி அவரோட டிரம்ம வாங்கித் தோள்ல மாட்டினாரு. சின்ன வயசுல விருத்தாசலம் மாஸ்டர்கிட்ட மொதல்ல கத்துக்கினது இதுதானாம். எனக்கே தெரியாது. மாமாவுக்கு பேஸ் டிரம்மு. மாமா முணுமுணுத்தாரு. "பல்லு இல்லாதவனுக்கு விட்டுக் குடுக்கறதுல இன்னாடா ஒனக்கு"ன்னு அப்பாவே கேட்டுட்டாரு. எல்லார் முன்னாடியும். மாமா பேஸ் டிரம்ம எடுத்து மாட்டிக்கினாரு. பெறகு, "இதத்தான் ரெண்டு மாசமா கர்ச்சீப்புல மூடிக்கினு இருந்தியா மாஸ்டர்"ன்னாரு. அவ்வளவுதான். 'பொக்கவாய் செட்டு'ன்னு எவனாவது சொன்னா அதையே டிரம்முல எழுதிடலாம்ன்றாரு அப்பா. நான் வேணாம்ன்றேன்.

இப்ப புதுப் பேஜாரு. உங் கட்டுரைய முழுசாப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "பித்தள இல்லாதவன்தானே மூணாம் தலமொற? எங் கையிலயும் இப்பப் பித்தள இல்ல. நான்தான் மூணாம் தலமொற. எழுதிப் போடு மேரிக்கு"ன்றாரு. விருத்தாசலம் மாஸ்டர் ரெண்டாவதாம், ரயில்வேக்காரங்க மொதலாம். அப்ப நான் எதுன்னு கேட்டேன். "நீ மொதல்ல தாளத்துல நில்லு. பெறகு தலமொற பாக்கலாம்"ன்றாரு.

ஞாயித்துக்கெழம இரும்பை ஊர்ல ஒரு கல்யாணம். முன்னாடி நடக்கப் போறது கிடாரா சைடு டிரம்மான்னு காலையில இருந்து சண்ட. அப்பாதான் ஜெயிச்சுக்கினு இருக்காரு.

இது நியாயமா மேரி? பத்து வருஷம் அவரு முதுகப் பாத்தே நடந்தேன். மறுபடியும் அதே முதுகு. நல்லாக் காட்டமா ஒரு கடுதாசி எழுது அவருக்கு.

உன் அண்ணன்
தேவசகாயம்